மான் பார்க்கப் போகும் தம்பிக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் அமெரிக்க மான் வேட்டையைப் பார்ப்பதை இப்போதெல்லாம் அடிக்கடி காண்கிறேன். இலை நிறத்தில் உடை, மரத்தின் மேலே ஓர் இருக்கை, கையில் வில்லோ துப்பாக்கியோ, விடியற்காலைப் பனியில் ஒரு கொம்புமான். பார்க்கிறவனுக்கு ஆசை வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் நேராகவே கேட்டுவிட்டான்: "பெரியப்பா, அங்க அரசாங்கக் காட்டுல யார் வேணும்னாலும் லைசென்ஸ் வாங்கினு மான் அடிக்கலாமாம். நம்ம பக்கத்துல அதுக்கு எங்க போவணும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற பையனுக்குக் காட்டுக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்று தோன்றுகிறதே, அது நல்ல ஆசை. அந்த ஆசையில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் பேச்சு. அவனைப் போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில விலங்குகளுக்கு உரிமம் பெற்று வேட்டையாட இடம் இருந்தது. 1991-இல் திருத்தம் செய்து அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். இன்று நம் நாட்டில் பொழுதுபோக்குக்கு மான் அடிக்க உரிமம் என்று ஒன்று கிடையாது. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, சுருக்குப் போடுவது, விஷம் வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. புள்ளிமானுக்கும் சிறை உண்டு. கறியை வாங்கித் தின்றவனும் தப்ப முடியாது. காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கிற கொம்பைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது, அது அரசின் சொத்து. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டக் காலத்திலிருந்து இருக்கிற விதி.

"அப்போ அமெரிக்காவுல மட்டும் எப்படி?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. அங்கேயும் ஒரு காலத்தில் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். 1900 வாக்கில் வெண்வால் மான் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியிருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அதன் பிறகுதான் பருவம் குறித்தார்கள், ஒருவருக்கு இத்தனை என்று அளவு வைத்தார்கள், முதலில் பாடம் படித்துத் தேறிவா என்றார்கள். 1937-இல் ஒரு சட்டம் போட்டு, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரிப் பணத்தை விலங்குகளைக் காக்கும் வேலைக்கே திருப்பினார்கள். இன்று அங்கே வெண்வால் மான் 3 கோடிக்குப் பக்கம் இருக்கிறது. அதைத் தின்ன வேண்டிய ஓநாய் பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆக, நீ வீடியோவில் பார்க்கிற வேட்டைக்காரன் ஒரு பெரிய கணக்குப் புத்தகத்தின் ஒரு வரி. வீடியோவில் அந்த வரி தெரிகிறது, புத்தகம் தெரிவதில்லை. நம் பக்கத்துக் காப்புக்காடுகளில் மிஞ்சியிருக்கிற புள்ளிமானை வைத்து அப்படி ஒரு கணக்கு எழுத முடியாது. அங்கே சரியானது இங்கே தவறாக இருக்கலாம். இதை ஏற்றுக்கொள்ள யாருக்கும் வெட்கம் வேண்டியதில்லை.

வேட்டை நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டு தோண்டி ஆராய்ந்து, அங்கே கிடைத்த கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு வயதுடையவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். மாட்டினம், குதிரையினம் ஆகியவற்றின் பல் படிமங்களும் அதே மண்ணில் கிடைத்தன. பூண்டியில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு காலைப் பயணம்தான்.

வடக்கே, எல்லை தாண்டினால் காளத்தி. கண்ணப்பர் கதையைக் கோயில் கதையாக மட்டும் கேட்டிருப்பாய். சேக்கிழார் அதை ஒரு பையனின் முதல் வேட்டையாகத்தான் தொடங்குகிறார். உடுப்பூர் வேடர் தலைவன் நாகனுக்கு வயதாகிவிட்டது; காட்டு விலங்குகள் தினைப்புனத்தை அழிக்கின்றன; பின்னாளில் கண்ணப்பர் ஆகப்போகிற மகன் திண்ணனிடம் பொறுப்பு வருகிறது. அவன் போகும் கன்னி வேட்டையை விரிவாகப் பாடும் இடத்தில் சேக்கிழார் ஒன்றைச் சொல்லாமல் விடவில்லை. அந்த வேடர்கள் யானைக் கன்றைத் தொடரமாட்டார்கள், சின்னக் குட்டிகளைக் கொல்லமாட்டார்கள், கருவுற்று அடி தளர்ந்து நடக்கும் பிணைமானை அலைக்கழிக்கமாட்டார்கள். கொல்வதே தொழிலாக உள்ளவர்களுக்கும் கை நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில், நம் தொண்டை நாட்டுக் குன்றத்தூர்க்காரர் எழுதிவைத்திருக்கிறார்.

இன்று நம் பக்கத்தில் நடக்கிற திருட்டு வேட்டையில் அந்த இடமே கிடையாது. பைக் கிளட்ச் வயரை எடுத்துச் சுருக்குப் போடுகிறார்கள். மான் நடக்கும் தடத்தில் முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்கள். வயருக்குக் கரு தெரியுமா, குட்டி தெரியுமா? எது வந்தாலும் மாட்டும். நரி மாட்டும், ஊர் ஆடும் மாட்டும். மாட்டியது இரவெல்லாம் இழுத்துப் பார்த்துக் காலை அறுத்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம் ஹெட்லைட் அடித்து, கண் கூசி அசையாமல் நிற்கிற மானைச் சுடுகிறது. இதை வீரம் என்று சொல்கிற யாரோடும் நீ சேராதே, தம்பி. அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. காற்று தெரிய வேண்டாம், தடம் தெரிய வேண்டாம், காத்திருக்க வேண்டாம். வேட்டைக்காரனிடம் மதிக்கத்தக்கதாக இருந்த எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கொலையை மட்டும் மிச்சம் வைத்த வேலை அது.

மதிக்கத்தக்கது எது என்று கேட்டால் நான் இருளர் பழங்குடி மக்களைக் காட்டுவேன். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்று மாவட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். நெல் வயலில் எலி வளையைப் பார்த்து, உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு புகுந்திருக்கிறதா என்று வாயிலில் கிடக்கும் மண்ணை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலை விற்றுப் பிழைத்தார்கள். 1972-இல் சட்டம் வந்தது, 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. பரம்பரைத் தொழில் ஒரே அடியில் குற்றமாகிவிட்டது. சட்டம் போட்டவர்கள் அவர்கள் அடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. இந்த மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து பின்னால் மீட்கப்பட்டவர்களில் இருளர் குடும்பங்கள் எத்தனையோ. அதைச் சொல்லாமல் வனப் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பெருமை பேசுவது சரியில்லை.

ஆனால் ஒரு வழி பிறந்தது. 1978-இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை நடத்திய ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் உயிரோடு பிடிப்பது, சில வாரம் வைத்து விஷம் எடுப்பது, அடையாளம் போட்டுத் திரும்பக் காட்டில் விடுவது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். பாட்டன் எந்தத் தடத்தைப் பார்த்துக் கொன்றானோ அதே தடத்தைப் பார்த்துப் பேரன் பிடிக்கிறான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒருத்தன் பிழைக்கிறான், பாம்பும் பிழைக்கிறது. வேட்டைக்காரனின் அறிவு முழுசாக இருக்கிறது, கொலை மட்டும் இல்லை.

இன்னும் கேள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வீட்டில் வளர்த்து வெளியே விட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புக் காடெங்கும் பெருகி, கண்ணில் பட்ட விலங்குகளையெல்லாம் விழுங்கத் தொடங்கின. அங்கிருந்தவர்களுக்கு அவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. 2017-இல் நம் இருளர் இருவரை அழைத்துப் போனார்கள்: மாசி சடையன், வடிவேல் கோபால். கையில் ஓர் இரும்புக் கம்பி, தலையில் காட்டறிவு. முதல் எட்டு நாளில் 13 பாம்பு பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்கக் காட்டில் வேட்டை பழக வேண்டும் என்று நீ ஏங்குகிறாய். அமெரிக்கக்காரனோ காடு பார்க்கத் தெரிந்தவர்களைத் தேடிச் செங்கல்பட்டுக்கு வந்தான். உன் ஊரில் இருளர் பெரியவர் யாராவது இருந்தால் மரியாதையாகப் போய்ப் பேசு. அவர் ஒரு நாள் உனக்காகச் செலவிட்டால் அந்த நாள் கூலியைக் கொடு. சும்மா கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடாதே.

இனி எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் போக வேண்டும் என்றால் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கு. கிடைக்கவில்லை என்றால் ஏரிக்கரையும் காட்டை ஒட்டிய ஊர்ப்பாதையும் போதும். கோடையில் குட்டைகள் வற்றும்போது மான் தண்ணீர் தேடி வெளிவிளிம்புக்கு வரும். விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். விடிந்த பிறகு போனால் நீ அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உன்னைப் பார்த்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முதலில் காற்று. மானுக்கு மூக்குதான் காவல்காரன். நம் பக்கம் கடலோரம். கோடையில் விடியற்காலை தரைக்காற்று மேற்கிலிருந்து வரும், மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். ஆகவே காலையில் நீ பார்க்கும் இடத்துக்குக் கிழக்கே உட்கார், மாலையில் மேற்கே உட்கார். உன் வாடை மானிடம் போகாது. வெயிலும் இரண்டு வேளையும் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், உனக்குக் கண் கூசாது. எல்லா நாளும் இப்படியே அடிக்காது. ஒரு பிடி பொடிமண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டு உட்கார். சென்ட் அடித்துக்கொண்டு போகாதே.

நீலச் சட்டை வேண்டாம். கம்பெனி யூனிஃபார்ம் நீலம், ஜீன்ஸும் நீலம், அதையே போட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள். மான் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும், நீலம் எடுப்பாகத் தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பளீரென்று ஆரஞ்சு அணிந்தும் மான் மிரளாமல் இருப்பது அதனால்தான்; அந்த நிறம் மற்ற மனிதர்கள் பார்த்துச் சுடாமல் இருப்பதற்கு. நீ காய்ந்த புல் நிறத்தில் பழைய காக்கி ஏதாவது போட்டுக்கொள். ஷூ கட்டாயம். கண்ணாடி விரியன் காய்ந்த சருகில் கண்ணுக்குத் தெரியாது. கை வைக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்துவிட்டு வை. எங்கே போகிறாய் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போ. இருட்டும் முன் திரும்பிவிடு.

முதல் தடவை மானே தெரியாமல் போகலாம், பரவாயில்லை. தடத்தைப் பார். ஏரி வண்டலில் எல்லாக் கால்தடமும் அச்சாகப் பதிந்திருக்கும். மாட்டுக் குளம்பு பெரிது, அகலம். ஆட்டுக்கு முனை மழுங்கியிருக்கும், மானுக்குக் கூர்ந்திருக்கும். பன்றி என்றால் சேற்றில் பின்பக்கம் சின்னதாக இரண்டு பொட்டும் விழுந்திருக்கும். தடத்தின் ஓரம் உடையாமல் ஈரமாக நின்றால் இன்று காலை போனது. ஓரம் உதிர்ந்து உள்ளே சருகு விழுந்திருந்தால் பழையது. சின்ன மரத்தில் இடுப்பு உயரத்துக்குப் பட்டை உரிந்திருந்தால் கலைமான் கொம்பைத் தேய்த்திருக்கலாம். களாவும் காரையும் காய்க்கிற காலம் எது, எந்தப் புதரில் இலை நுனி கடிபட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுது. சட்டென்று ஒரு கூர்மையான குரல், முன்காலால் தரையைத் தட்டுகிற சத்தம், வால் தூக்கி வெள்ளை தெரிவது: உன்னையோ நாயையோ பார்த்துவிட்டது என்று பொருள். அப்போது எழுந்து போட்டோ எடுக்க ஓடாதே. அப்படியே இரு. அது போன பிறகு நீயும் போ.

அசையாமல் உட்காருவதுதான் இதில் மிகக் கடினம். போனை எடுக்கக் கை பரபரக்கும். கொசு கடிக்கும். வந்தது வீண் என்று தோன்றும். அதைத் தாண்டி உட்கார்ந்தால் காது திறக்கும். எது காற்றில் ஆடுகிற பனை ஓலை, எது உயிர் நடக்கிற சருகு என்று பிரித்துக் கேட்க வரும். நான் வேலையில் இருந்த காலத்தில் மெஷினின் சத்தம் மாறுவதை வைத்தே பேரிங் போகப்போகிறது என்று சொல்லும் ஃபிட்டர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள். கவனிக்கிற பழக்கம் ஓர் இடத்தில் வந்துவிட்டால் மற்ற இடத்துக்கும் கூடவே வரும்.

நீ போய் உட்காரும் காடு பொதுக் காடு என்பதை மட்டும் மறக்காதே. பொது என்றால் கேட்பாரற்றது என்று நினைக்கிறவர்கள்தான் குப்பை கொட்டுகிறார்கள், மண் அள்ளுகிறார்கள், சுருக்கு வைக்கிறார்கள். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு எரு. அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் அந்த இடத்தைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். நம் வனச் சட்டங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. இன்னும் பக்கத்தில் தேர்வாய் கண்டிகை. ஊரையொட்டி மரமும் புதருமாக இருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது; மக்கள் எதிர்த்துப் போராடினார்கள்; 2009-இல் மிஷலின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் ஆனது. ஆலையில் வேலை கிடைத்த பிள்ளைகள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மாடு மேய்ந்த காடு திரும்ப வராது. எஞ்சியிருப்பதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் உன்னைக் காட்டுப் பக்கம் போகச் சொல்கிறேன்.

உன்னால் ஆகிற வேலை நிறைய இருக்கிறது. காட்டோரச் சாலையில் கோழிக் கழிவும் கேண்டீன் சோறும் கொட்டுவதால் தெருநாய் கூட்டம் பெருகி மானைத் துரத்துகிறது. உன் கம்பெனிக் கழிவு எங்கே போகிறது என்று கேள். சாயங்காலம் காட்டை ஒட்டிப் போகும்போது பைக்கை மெதுவாக ஓட்டு. சுருக்கு கண்ணில் பட்டால் நீயாக அவிழ்க்காதே. இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் சொல். மான் கறி என்று யாராவது வாட்ஸ்அப்பில் ரகசியமாக விலை பேசினால் அதையும் சொல்.

வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஈரநிலங்களில் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். பழவேற்காடு நமக்கு மிகப் பக்கம், பூநாரைகள் வந்திருக்கும் காலம் அது. வருகிற குளிர்காலத்துக்கு முன்பே வனச்சரக அலுவலகத்துக்குப் போய் உன் பெயரைக் கொடு, உன்னோடு ஷிஃப்டில் இருக்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போ.